சொர்ணத்துக்கு இல்லாத சர்க்கரை

சர்க்கரை வியாதி இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், இனிமேல் சோறு சாப்பிடலாமா, கண் போய்விடுமா, காலை எடுத்துவிடுவார்களா என்றுதான் யாரும் கேட்பார்கள். பாப்பா கேட்டது வேறு.

"அப்போ எங்கக்காவுக்கும் இருக்கும்ல?"

கெளுத்தி மீனின் முள் குத்திய காலில் புண் ஆறவே இல்லை என்று அவள் புதுப்பட்டினத்தில் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க அக்காவைப் பத்தி எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"ரெட்டப் புள்ளைங்க சார் நாங்கோ. ஒரே மூஞ்சி. எனக்கு வந்தா அதுக்கும் வந்துதானே ஆவணும்?"

"வர வாய்ப்பு அதிகம். அவங்களையும் டெஸ்ட் எடுத்துக்கச் சொல்லுங்க."

வெளியே வந்ததும் கணவன் காத்தவராயனின் போனை வாங்கி அணுபுரத்தில் இருந்த சொர்ணத்துக்குப் பேசினாள். தனக்கு வந்ததைப் பாதியும் சொல்லி முடிக்காமல், நீ உடனே போய் ரத்தம் குடு என்றாள். தங்கச்சிக்குத் தன் மேல்தான் எவ்வளவு அக்கறை என்று சொர்ணம் நெகிழ்ந்துபோனாள். மறுநாளே போய்க் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. துளிகூட இல்லை. அன்றைக்குப் பாப்பா சோற்றைத் தொடவில்லை. தனக்கு வியாதி வந்ததற்காக அல்ல.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயசு. ஆள் காய்ந்த கருவாடு போல இருப்பாள். கொக்கிலமேட்டில் விடிகிற நேரத்தில் கரைக்கு வரும் படகுகளில் மீன் ஏலம் எடுத்து, கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் மார்க்கெட்டில் கொண்டுபோய் விற்பாள். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடப் பொழுது கிடைக்காது. சொர்ணமோ பூசணிக்காய் மாதிரி உருண்டு திரண்டிருந்தாள். அணுமின் நிலையத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்த தாமோதரனைக் கட்டிக்கொண்டு, அணுபுரம் குவார்ட்டர்ஸில் மரநிழலும் குழாய்த் தண்ணீருமாக வாழ்ந்தாள். தீபாவளிக்குப் போனால் அதிரசத்தை ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வாயில் போட்டுக்கொள்வதைப் பாப்பா பார்த்துக்கொண்டே இருப்பாள். கிளம்பும்போது மறக்காமல் கேட்பாள்:

"இந்த வருசம் டெஸ்ட் எட்த்தியா?"

"எடுத்தேன்டி. நார்மல்."

"நல்லா பாக்கச் சொன்னியா?"

பொறாமை பாப்பாவுக்குப் புதிதல்ல. பிறந்தபோது சொர்ணம் கொழுகொழுவென்று முதலில் வெளியே வந்தாள். அவளுக்குக் குலசாமி பெயரை வைத்தார்கள். அரைமணி நேரம் கழித்து வந்தவள் அப்பாவின் ஒரு கையில் அடங்கிவிட்டாளாம். பிழைக்க மாட்டாள் என்று பெயர் வைக்காமல் விட்டார்கள். அவள் பிழைத்தாள். கூப்பிட்டுப் பழகிய பாப்பா என்ற பெயரே ரேஷன் கார்டிலும் ஏறி, பிறகு ஆதாரிலும் ஏறிவிட்டது. சொர்ணத்தை அச்சரப்பாக்கத்தில் கருவாட்டுக் கடை வைத்திருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிப் பத்தாவது வரை படிக்க வைத்தார்கள். பாப்பா மூன்றாவதோடு நின்று அம்மாவின் கூடையைப் பிடித்துக்கொண்டாள். படித்த பெண்ணுக்குச் சம்பளக்காரன் வந்தான். படிக்காதவளுக்கு ஃபைபர் படகு வைத்திருந்த காத்தவராயன் வந்தான். நல்லவன்தான். குடிக்கிற நாளைவிடக் குடிக்காத நாள்தான் அதிகம். இருந்தாலும் அக்காவின் வெடிப்பில்லாத குதிகாலைப் பார்க்கும் போதெல்லாம் பாப்பாவுக்கு அடிவயிறு எரியும்.

அதையெல்லாம் விழுங்கிக்கொள்ள அவளுக்கு ஒரே ஆறுதல் இருந்தது. முகம் ஒன்று, ரத்தம் ஒன்று, உடம்பு ஒன்று. அதில் மட்டும் கடவுள் ஓரவஞ்சனை பண்ணவில்லை. சர்க்கரை வந்து அந்த நம்பிக்கையையும் பிடுங்கிக்கொண்டது. உழைக்கிறவளுக்கு வியாதி, உட்கார்ந்து தின்கிறவளுக்கு ஒன்றுமில்லை.

இப்படியே எட்டு வருஷம் போல ஓடியது. கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு, செங்கல்பட்டிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் வேன் போட்டுக்கொண்டு கடற்கரைக் குப்பங்களுக்கு வந்தார்கள். ஒல்லியாக இருந்து, ஓடியாடி உழைக்கிறவர்களுக்கும் ஏன் இவ்வளவு சர்க்கரை வருகிறது என்று படிக்கிறார்களாம். அச்சரப்பாக்கத்துப் பெண் சிநேகா வீடு வீடாக வந்து, என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு நடக்கிறீர்கள், கூடப் பிறந்தவர்களுக்கு இருக்கிறதா என்று கேட்டுப் போனில் பதிந்துகொண்டிருந்தாள்.

"ஒரு அக்கா. ரெட்டப் புள்ளைங்க நாங்கோ. அதுக்கு ஒரு மண்ணும் இல்ல" என்றாள் பாப்பா.

சிநேகாவின் விரல் நின்றது. "ஒரே மாதிரி இருப்பீங்களா ஆன்ட்டி?"

"மூஞ்சி ஒண்ணு. அவள புடிச்சி நாலுவாட்டி பிழிஞ்சா நானு."

"ஒருத்தருக்கு இருக்கு, ஒருத்தருக்கு இல்ல! ஆன்ட்டி, உங்கள மாதிரி ஆளுங்கள எங்க டாக்டர் எவ்வளவு நாளா தேடிக்கிட்டு இருக்காங்க தெரியுமா?"

தன்னைத் தேடுகிறார்கள் என்று யாரும் அதுவரை பாப்பாவிடம் சொன்னதில்லை. அன்றைக்கு மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெருமை செங்கல்பட்டில் போய் இறங்கும் வரைதான் நிலைத்தது.

இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நிலையத்தின் வாசல் பலகையைச் சொர்ணம் வாசித்தாள். "வளர்சிதை மாற்ற ஆய்வுப் பிரிவு."

"அப்டின்னா இன்னா?"

"துன்ற சோறு உடம்புக்குள்ள போய் இன்னாவா மாறுது, எங்க போவுதுன்னு பாக்குறது" என்றாள் சொர்ணம். குவார்ட்டர்ஸில் எல்லோரிடமும் திருத்தமாகப் பேசுகிறவள், தங்கச்சியிடம் மட்டும் குப்பத்துப் பேச்சுக்கு இறங்கிவிடுவாள். பாப்பாவுக்கு அதுவும் பிடிக்காது. எனக்காக இறங்கி வருகிறாளாக்கும் என்று தோன்றும்.

முதல் நாள் ரத்தம் எடுத்துப் பார்த்து, இருவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர்தான் என்று உறுதி செய்துகொண்டார்கள். பிறகு ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டைத் தலைக்கு மேல் கவிழ்த்து, சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று மூச்சை அளந்தார்கள். உடம்பு முழுக்கப் படம் எடுத்தார்கள். சோதனையெல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் முடிவுகளைப் பார்க்க வந்த இளம் டாக்டர்கள் எல்லோரும் சொர்ணத்தின் கட்டிலைத்தான் சுற்றி நின்றார்கள். "இவ்வளவு வெயிட் இருக்கு, ஆனா இன்சுலின் எவ்வளவு அழகா வேலை செய்யுது பாருங்க" என்று ஒருவன் வியந்தான். ஏதோ சொர்ணம் பாடுபட்டுச் சம்பாதித்தது போல.

பாப்பாவுக்குப் பொறுக்கவில்லை. தலைமை டாக்டர் சியாமளாவிடம் கேட்டேவிட்டாள். "வியாதிக்காரி நானு. அவள எதுக்கு இம்மாம் பேரு சுத்திகினு கீறீங்கோ?"

சியாமளா சிரித்தார். "வியாதி வந்தவங்க எங்ககிட்ட ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. அதே உடம்பு இருந்தும் ஒருத்தருக்கு ஏன் வரல? அது தெரிஞ்சா மத்தவங்களுக்கும் வராம தடுக்கலாம் இல்லையா?"

ஞாயம்தான். ஆனால் பாப்பாவின் காதில் விழுந்தது, உன்னைப் போல ஆயிரம், அவளைப் போல ஒருத்தி என்றுதான்.

படத்தில் வந்த விஷயம் அதைவிட மோசம். சொர்ணத்தின் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் தோலுக்கடியில் பத்திரமாக இருந்தது. அங்கே இருப்பதால் பெரிய கெடுதல் இல்லையாம். பாப்பாவின் கொழுப்பு கொஞ்சம்தான், ஆனால் கல்லீரலில் போய்ப் படிந்திருந்தது. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு.

"எனக்கா? எனக்கா கொழுப்பு?" என்று அவள் வீட்டுக்கு வந்து குதித்தாள்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த காத்தவராயன் தலையைத் தூக்காமல் சொன்னான். "இத்த கண்டுபிடிக்க செங்கல்பட்டுக்கா போவணும்? நான் எப்பவோ சொன்னேன்."

அடுத்த தடவை போனபோதுதான் சியாமளா அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறந்தபோது யார் சின்னவள்?

"நான்தான். எங்கப்பா கைக்குள்ள அடங்கிப்பூட்டேனாம்."

சியாமளா காகிதத்தில் ஒரு வட்டம் போட்டு, உள்ளே பெரிதும் சிறிதுமாக இரண்டு குழந்தைகளை வரைந்தார். இரட்டைக் குழந்தைகளில் சில சமயம் ஒன்றுக்குத் தாயிடமிருந்து ரத்தம் குறைவாகப் போகும். அந்தக் குழந்தை கிடைப்பதை மூளைக்குக் கொடுத்துவிட்டு மற்றதில் சிக்கனம் பிடிக்கும். இன்சுலின் சுரக்கும் இடமும் தசையும் அரைகுறையாக வளரும். பஞ்சத்துக்குத் தயாரான உடம்பு அது. பின்னால் மூன்று வேளையும் அரிசிச் சோறு வந்து விழும்போது அதால் சமாளிக்க முடிவதில்லை.

"இது ஒரு காரணமா இருக்கலாம். இதுமட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். யாரோட தப்பும் இல்ல இது" என்று முடித்தார்.

கடைசி மூன்று வாக்கியங்களைப் பாப்பா அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தாள். மீதியை எடுத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வருஷமாகத் தனக்குள் எரிந்ததற்கு ஒரு டாக்டரே சாட்சி சொல்லிவிட்டார். அம்மா வயிற்றிலேயே சொர்ணம் அவள் பங்கைத் தின்றுவிட்டாள்! வண்டியில் பக்கத்தில் அமர்ந்து, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்த அக்காவைப் பார்த்தாள். துன்னுட்டு நிம்மதியா தூங்குறா பாரு என்று நினைத்தாள். அன்று மனசு லேசாகக்கூட இருந்தது.

மார்க்கெட்டில் சொன்னாள். ஷேர் ஆட்டோவில் சொன்னாள். சொல்லச் சொல்ல ருசித்தது. அதே ருசியில்தான் சொல்லக்கூடாத இடத்திலும் சொல்லிவிட்டாள்.

சொர்ணத்தின் மகள் அனுவுக்கு அணுபுரத்தில் வளைகாப்பு. தட்டுத் தட்டாகக் கலந்த சாதம், கை நிறைய வளையல், வீடு முழுக்கப் பெண்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அம்மாள் ஒருத்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெட்டைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. சொர்ணம் எப்படி இருக்கா, நீங்க ஏன் இப்படி இளைச்சுட்டீங்க?" என்று கேட்டாள்.

"என் பங்கையும் சேத்து அது வயித்துக்குள்ளாறவே துன்னுட்ச்சி. இப்பவா இளைச்சேன் நானு? செங்கல்பட்டு டாக்டரே சொல்லிட்டாங்கோ" என்றாள் பாப்பா சத்தமாக.

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மணையில் உட்கார்ந்திருந்த அனு, வளையல் அடுக்கிய கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். தேங்காய்ச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்த சொர்ணம் ஒரு நொடி நின்று, பிறகு அடுத்த இலைக்குப் போனாள். பாப்பாவின் இலைக்கு வந்தபோது எப்போதும் போல இரண்டு கரண்டிக்குப் பதிலாக ஒரு கரண்டி வைத்தாள். உனக்குச் சர்க்கரை ஏறிவிடும் என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் பாப்பாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு சொர்ணத்திடமிருந்து போன் வரவில்லை. பாப்பாவும் பண்ணவில்லை. ஆராய்ச்சியின் பெரிய சோதனைக்கு நாள் குறித்துச் சிநேகா கூப்பிட்டபோது, அக்கா வரமாட்டாள் என்றே பாப்பா நினைத்தாள். வேன் கதவைத் திறந்தால் சொர்ணம் முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரு கையில் இன்சுலின் ஏறும், இன்னொரு குழாயில் குளுக்கோஸ் ஏறும். ரத்தத்தில் சர்க்கரை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது; அப்படி நிறுத்த எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுகிறதோ, அந்த அளவுக்கு உடம்பு சர்க்கரையை நன்றாக எடுத்துக்கொள்கிறது என்று அர்த்தம். சிநேகா விளக்கிவிட்டு, நர்ஸ் ஜெசிந்தாவோடு சேர்ந்து இருவர் கையிலும் அடிக்கடி சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அசையாமல் படுத்திருந்த பாப்பாவுக்குப் பார்க்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இரண்டு குளுக்கோஸ் பாட்டில்கள். சொர்ணத்தின் பாட்டில் மளமளவென்று இறங்கியது. வெயில் மணல் தண்ணீரைக் குடிப்பது போல அந்த உடம்பு குடித்தது. ஜெசிந்தா வந்து இன்னொரு பாட்டில் மாட்டினாள். பாப்பாவின் பாட்டிலில் சொட்டு எப்போது விழும் என்று காத்திருக்க வேண்டியிருந்தது. முக்கால்வாசி அப்படியே நின்றது. அவள் குறுகுறுவென்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயும், இத்தனை பேர் கண் முன்னாலும், அவள்தான் அதிகம் குடிக்கிறாள்.

எல்லாம் முடிந்து ஊசிகளைக் கழற்றினார்கள். குளுக்கோஸை நிறுத்தினாலும் இன்சுலினின் வேகம் சற்று நேரம் உடம்பில் இருக்கும், உடனே நன்றாகச் சாப்பிட்டாக வேண்டும் என்று சொல்லிச் சாதத் தட்டுகளையும் ஜூஸ் பாக்கெட்டுகளையும் வைத்தார்கள். இருவரும் கையைத் தட்டுக்குக் கொண்டுபோனதைப் பார்த்துவிட்டுச் சிநேகா ரத்தக் குழாய்களை லேபுக்கு எடுத்துப் போனாள். ஜெசிந்தா கதவுக்கு அப்பால் எழுதிக்கொண்டிருந்தாள்.

சொர்ணம் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"நான் உன் பங்க துன்னேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியாமே."

"டாக்டரு சொன்னாங்கோ. நானா சொன்னேன்?"

"வயித்துக்குள்ள இன்னா பண்ணேன்னு எனக்குத் தெரியாது பாப்பா. வெளிய வந்தப்புறம் இன்னா நடந்துச்சுன்னு தெரியும். நம்ம அத்த சொல்லியிருக்கு." சொர்ணம் தட்டைத் தள்ளி வைத்தாள். "அம்மாவுக்கு ரெண்டு பேருக்கும் பால் பத்தல. நீ சாவுறாப்ல கெடந்த. உனக்கு எல்லாத்தையும் குடுக்கணும்னு என்னைத் தூக்கி அத்த கையில குடுத்துட்டாங்க. தவழக்கூட ஆரம்பிக்கல நான். படிக்க வைக்கவா அனுப்பினாங்க? நீ பொழைக்கணும்னு அனுப்பினாங்க."

பாப்பா ஒரு கவளத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"எப்பவாச்சும் அம்மா என்னைப் பாக்க அச்சரப்பாக்கம் வரும். உன்னை இடுப்புல வச்சிகினே வரும். எறக்கி வுடாது. ஒருதபா நான் அது மடியில ஏறப் போனேன். பாப்பா தூங்குது, அப்பால வான்னு சொல்லிட்ச்சி. அந்த அப்பால அப்புறம் வரவே இல்ல." சொர்ணத்தின் குரல் தாழ்ந்தது. "அம்மா செத்தப்ப நீ மண்ணுல உருண்டு அழுத. எனக்கு அழுகையே வரல. எல்லாரும் பாத்தாங்க. அத்த செத்தப்பதான் எனக்கு வந்துச்சு."

இதைக் கேட்டுப் பாப்பா உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. பிறந்ததிலிருந்து வஞ்சிக்கப்பட்டவள் தான் ஒருத்திதான் என்று அவள் இருந்தாள். அவளுடையது என்று அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான். இப்போது அதிலும் வந்து சொர்ணம் பங்கு கேட்கிறாள். அதுவும் தன்னுடையதைவிடப் பெரிய பங்காக. குதிகால் வெடிப்பில்லாதவளுக்கு, மூன்று அதிரசம் தின்று செரித்தவளுக்கு, தாய் மடி கிடைக்காத துக்கமும் சேர்ந்து வேண்டுமா?

பதில் சொல்ல நாக்கு எழுந்தபோதுதான் சொர்ணத்தின் நெற்றியைப் பார்த்தாள். முத்து முத்தாக வேர்த்திருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கை விரல்கள் போர்வையின் ஓரத்தில் நடுங்கின. "பாப்பா... எனக்கு... இன்னாவோ..." என்று வார்த்தை குழறியது.

பாப்பாவுக்கு அது என்னவென்று தெரியும். மாத்திரை போட்டுவிட்டு மீன் விற்கும் மும்முரத்தில் சாப்பிட மறந்த நாட்களில் மார்க்கெட் தரை எழும்பி வருவது போல இருக்கும். எதிரே நிற்கிறவள் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். உயிர் கால் வழியாக வழிந்து போவது போல இருக்கும்.

ஜூஸ் பாக்கெட் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் எடுக்கவில்லை. தெரிஞ்சிக்கட்டும். ஒரு மூச்சு விட்டாள். எப்டி இருக்கும்னு அதுக்கும் தெரியட்டும். இன்னொரு மூச்சு.

சொர்ணம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன, ஆனால் யாரைப் பார்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நிறம் வெளுத்து, வாய் கோணி, வேர்வையில் முடி ஒட்டிய அந்த முகம் பாப்பாவின் முகம். மயங்கி விழும்போது மார்க்கெட்டில் எல்லோரும் பார்க்கும் தன் முகத்தை அவள் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"சிஸ்டர்! ஓடியாங்கோ!" என்று கத்திக்கொண்டே தாவினாள். பாக்கெட்டில் குழல் குத்தத் தெரியாமல் பல்லால் கடித்துக் கிழித்து, அக்காவின் தலையை மார்பில் சாய்த்து நிமிர்த்தி, வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பாதி சேலையில் கொட்டியது. "முழுங்கு! முழுங்குடி சொர்ணம்!" ஜெசிந்தா ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்துவிட்டு, மறுபடி ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றினாள். சியாமளாவும் வந்துவிட்டார். சொர்ணம் சீக்கிரமே தெளிந்து, என்னை ஏன் எல்லோரும் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். சாப்பிட்டு முடிக்கும் வரை கூடவே நிற்காமல் போனதற்காகச் சிநேகாவுக்கும் ஜெசிந்தாவுக்கும் வெளியில் நல்ல டோஸ் கிடைத்தது.

எல்லோரும் போன பிறகு சொர்ணம் மெல்லக் கேட்டாள். "உனக்கு இப்டித்தான் இருக்குமா?"

"இப்டித்தான்."

"ஒருநாளாச்சும் சொன்னியா நீ?"

"நீ கேட்டியா?"

சொர்ணம் யோசித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள். இருவரும் ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்கள்.

அந்த இரண்டு மூச்சைப் பற்றிப் பாப்பா அக்காவிடம் சொல்லவில்லை. நெடுநாள் கழித்துக் காத்தவராயனிடம் மட்டும் சொன்னாள். அவன், "ரெண்டோட நிறுத்துனியே" என்றான்.

மறுவருஷப் பரிசோதனை முடிந்த வாரம் சொர்ணத்திடமிருந்து போன் வந்தது. எடுத்ததுமே அழுகை. சர்க்கரை எல்லைக் கோட்டுக்கு வந்துவிட்டதாம். வியாதி என்று சொல்ல முடியாது, ஆனால் வாசலில் வந்து நிற்கிறதாம்.

பாப்பாவுக்கு வயிற்றில் சில்லென்று ஒன்று இனித்தது. அதை அவள் மறைக்க முயலவில்லை. போனில் முகம் தெரியாது அல்லவா. எத்தனை வருஷமாகக் காத்திருந்த சேதி! "எம்மாம் கீது?" என்று கேட்டாள். சொர்ணம் சொன்னாள். "டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ?"

"எடை குறைச்சு, தெனம் வேகமா நடந்தா திரும்ப நார்மலுக்கே போயிடலாம்னு சொன்னாங்க. ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சது நல்லதாப் போச்சாம்."

இனிப்பு நொடியில் கசந்தது. கால் புண் அழுகுகிற வரை தனக்குத் தெரியவில்லை. அவளுக்கு வியாதி வருவதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிறது. திரும்பிப் போக வழியும் வைத்திருக்கிறது. வியாதியில்கூடச் சொர்ணத்துக்கு நல்ல ரகம்தான் கிடைக்கிறது.

"அயுவாத" என்றாள் பாப்பா. அந்தப் பக்கம் அழுகை நிற்கவில்லை. "அயுவாதடி. நாளைக்கு சாய்ந்தரம் கெளம்பி வா. நடக்கத் தெரியாது உனக்கு. நான் கத்துத் தரேன்."

அன்றிலிருந்து சொர்ணம் வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறிக் கொக்கிலமேட்டுக்கு வந்துவிடுகிறாள். மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் கண்ணுக்கு நேராகத் தெரிய, இருவரும் கரையோரமாக வடக்கே நடக்கிறார்கள். ஈரமணலில் நடந்தால் சுலபம். பாப்பா வேண்டுமென்றே கால் புதைகிற காய்ந்த மணலில் இட்டுப் போகிறாள். கூடை சுமந்து பழகிய கால்கள், எட்டி எட்டி விழுகின்றன. பின்னால் சொர்ணம் மூச்சு வாங்க ஓட்டமும் நடையுமாக வருகிறாள்.

"மெதுவா போடி! செத்துருவேன் போல கீது!"

"சாவ மாட்ட. வா."

திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். அக்காவின் இரைப்பு காதில் விழ விழ அவளுக்கு நடையில் இன்னும் வேகம் கூடும். இந்த ஒன்றில் தான்தான் முந்தி. நெஞ்சு நிறையும்.

மூன்று மாதம் கழித்து இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சிநேகா இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினாள். சொர்ணத்துக்கு நார்மலாகிவிட்டது. பாப்பாவுக்கும் இறங்கியிருந்தது, மாத்திரையில் ஒன்றைக் குறைக்கலாம் என்றார் சியாமளா. ஆனால் சொர்ணத்துக்கு இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை.

"உன்னாலதான் பாப்பா" என்று சொர்ணம் வேனில் அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"தெரியுது" என்றாள் பாப்பா கடுப்பாக. தோளை விலக்கிக்கொள்ளவில்லை. நாளையிலிருந்து நடையை நிறுத்திவிடலாமா என்று திருக்கழுக்குன்றம் தாண்டும் வரை யோசித்துக்கொண்டே வந்தாள். பிறகு, "நாளைக்கு சாய்ந்தரம் சீக்கிரம் வந்துடு. இனிமே நம்ம ரெண்டு பேரும் மாமல்லபுரம் தாண்டி தேவனேரி வரிக்கும் போவணும்" என்றாள்.

"அவ்ளோ தூரமா?"

"அம்மாந்தூரந்தான்."